கடைசித் தேர்வு முடிந்த பிறகும் பள்ளிக்குப் போக வேண்டுமா? இங்கிலாந்தின் ஜூன் மாதக் குழப்பம்

இங்கிலாந்தில் இயர் 11 (15-16 வயதுப் பிள்ளைகளின் வகுப்பு) படிக்கிற பிள்ளைகள் உள்ள வீடுகளில் ஒவ்வொரு வருஷமும் ஜூன் மாதம் ஒரே கேள்விதான். அந்த வகுப்பின் முடிவில் எழுதுகிற ஜிசிஎஸ்இ பொதுத்தேர்வுகள் பெரும்பாலான பிள்ளைகளுக்கு ஜூன் நடுவிலேயே முடிந்துவிடுகின்றன. பள்ளி வருஷமோ ஜூலை மூன்றாவது வாரம் வரை போகிறது. நடுவில் இருக்கிற நாட்களில் பிள்ளை பள்ளிக்குப் போயாக வேண்டுமா? போகாவிட்டால் அபராதம் வருமா? வேலைக்குச் சேரலாமா? ஜூலையில் விலை ஏறுவதற்கு முன்பே ஊருக்கு டிக்கெட் போட்டுவிடலாமா?

தமிழ்நாட்டிலோ யாழ்ப்பாணத்திலோ படித்து வளர்ந்த பெற்றோருக்கு இந்தக் கேள்வியே புதிது. பத்தாம் வகுப்புப் பொதுத்தேர்வின் கடைசித் தாளை எழுதிவிட்டு வெளியே வந்தால் விடுமுறை. இலங்கையில் ஓ/எல் பொதுத்தேர்வு எழுதி முடித்தாலும் ரிசல்ட் வரும்வரை காத்திருப்புதான். அந்தப் பழக்கத்தை அப்படியே இங்கேயும் பொருத்திப் பார்ப்பதால்தான் பாதிக் குழப்பம் வருகிறது. மீதிப் பாதிக்குப் பள்ளிகள் ஆளுக்கொரு விதமாக நடந்துகொள்வது காரணம். ஒரு பள்ளி மே மாதக் கடைசியிலேயே பிள்ளைகளை வீட்டுக்கு அனுப்பிவிடுகிறது. பக்கத்துத் தெருப் பள்ளி ஜூன் கடைசி வரை வரச் சொல்கிறது.

சுருக்கமான பதில் இது. தேர்வு முடிவதால் சட்டப்படி எதுவும் மாறுவதில்லை. சட்டம் பார்ப்பது ஜூன் மாதத்தின் கடைசி வெள்ளிக்கிழமையை மட்டும்தான். அதுவரை பிள்ளை வீட்டில் இருக்க வேண்டுமென்றால் பள்ளி அனுமதி தந்திருக்க வேண்டும். அனுமதி இருந்தால் கவலை இல்லை. இல்லையென்றால் அது அனுமதியில்லாத விடுப்பு. ஏன் இப்படி, இதனால் என்னவெல்லாம் வரும் என்பதைக் கீழே பார்ப்போம்.

கட்டாயக் கல்வி வயது எப்போது முடிகிறது?

எல்லாவற்றுக்கும் அடிப்படை 1996-ஆம் ஆண்டுக் கல்விச் சட்டம். அதன் 7-ஆவது பிரிவு, கட்டாயக் கல்வி வயதில் இருக்கிற ஒவ்வொரு பிள்ளைக்கும் முழுநேரக் கல்வி கிடைக்கச் செய்யும் பொறுப்பைப் பெற்றோரிடம் கொடுக்கிறது. பள்ளிக்கு அனுப்பியும் செய்யலாம், வீட்டிலேயே கற்பித்தும் செய்யலாம். ஆனால் பிள்ளையின் பெயர் ஒரு பள்ளியின் பதிவேட்டில் இருக்கும்வரை, அந்தப் பள்ளிக்கு ஒழுங்காக அனுப்புவது கடமை.

இந்த வயது எப்போது முடியும் என்பதை 8-ஆவது பிரிவு சொல்கிறது. பிள்ளைக்கு 16 நிறைகிற பள்ளி வருஷத்தில் வரும் ஜூன் கடைசி வெள்ளிக்கிழமை, அந்த நாள் முடியும்போது. 2026-இல் அது ஜூன் 26. 2027-இல் ஜூன் 25. அந்த வெள்ளிக்கிழமையும் கணக்கில் சேர்த்திதான், வியாழனோடு முடிந்துவிடவில்லை.

பதினாறாவது பிறந்தநாளோடு எல்லாம் முடிந்துவிடும் என்று நினைப்பவர்கள் நிறைய. அது தவறு. மூன்று பிள்ளைகளை எடுத்துக்கொள்வோம்.

1. செப்டம்பர் முதல் வாரத்தில் பிறந்தவர். இயர் 11 தொடங்கும்போதே 16 ஆகிவிடும். ஆனாலும் அடுத்த ஜூன் கடைசி வெள்ளி வரை, ஏறக்குறைய பத்து மாதம், அவர் கட்டாயக் கல்வி வயதில்தான் இருக்கிறார்.

2. ஆகஸ்ட் கடைசியில் பிறந்தவர். ஜூன் கடைசி வெள்ளியன்று அவருக்கு இன்னும் 15தான். இருந்தாலும் அடுத்த பள்ளி வருஷம் தொடங்குவதற்குள் 16 ஆகிவிடுவதால், அந்த வெள்ளியோடு அவருக்கும் கட்டாயம் முடிகிறது.

3. வெளிநாட்டிலிருந்து வந்து, மொழிக்காகவோ பாடத்திட்டத்துக்காகவோ ஒரு வகுப்பு கீழே சேர்க்கப்பட்டவர். சட்டம் வகுப்பைப் பார்ப்பதில்லை, வயதைத்தான் பார்க்கிறது. அதனால் இயர் 10 முடியும்போதே, ஜிசிஎஸ்இ எழுதுவதற்கு ஒரு வருஷம் முன்பே, அவருடைய கட்டாயம் முடிந்துவிடலாம்.

மூன்றாவது வகைப் பிள்ளைகள் புதிதாகக் குடியேறிய குடும்பங்களில் இருக்கிறார்கள். சட்டம் விட்டுவிட்டது என்பதற்காக அந்த ஒரு வருஷத்தை விட்டுவிடக் கூடாது என்று பெற்றோரிடம் அழுத்திச் சொல்ல விரும்புகிறேன். கணிதம், ஆங்கிலம் இரண்டிலும் ஜிசிஎஸ்இ இல்லாமல் இங்கே அடுத்த கதவுகள் பலவும் திறப்பதில்லை.

அது என்ன ஜூன் கடைசி வெள்ளி?

இந்தத் தேதி ஏதோ அலுவலகத்தில் உட்கார்ந்து குத்துமதிப்பாக வைத்தது அல்ல. இதற்குப் பின்னால் நூறு வருஷத்துக்கு மேற்பட்ட வரலாறு இருக்கிறது.

1880-இல் பள்ளி வருகை கட்டாயமானபோது வயது வரம்பு வெறும் 10. அதன் பிறகு படிப்படியாக ஏறியது. 1918-ஆம் ஆண்டுச் சட்டம் 14 ஆக்கியது. 1944-ஆம் ஆண்டுச் சட்டம் 15 என்றது, அது 1947-இல் நடைமுறைக்கு வந்தது. 1972 செப்டம்பரில் 16 ஆனது.

16 ஆன பிறகும் ஒரு பெரிய ஓட்டை இருந்தது. செப்டம்பருக்கும் ஜனவரிக் கடைசிக்கும் இடையில் 16 ஆகிற பிள்ளைகள் ஈஸ்டரோடு பள்ளியை விட்டுப் போகலாம். மற்றவர்களுக்கு மே மாதக் கடைசி வரை. பொதுத்தேர்வுகளோ கோடையில்தான். அதாவது, பதினோரு வருஷம் படித்துவிட்டு, தேர்வுக்குச் சில வாரம் முன்பு, ஒரு சான்றிதழும் இல்லாமல் சட்டப்படியே பிள்ளை வெளியே போய்விட முடிந்தது. அப்படிப் போனவர்கள் யார் என்று யோசித்துப் பாருங்கள். வீட்டில் ஒரு சம்பளம் கூடுதலாகத் தேவைப்பட்ட பிள்ளைகள்தான் முதலில் போயிருப்பார்கள்.

1998-இலிருந்து எல்லாருக்கும் ஒரே தேதி, ஜூன் கடைசி வெள்ளி, என்று ஆனபோது இந்த ஓட்டை அடைபட்டது. தேர்வுகள் எல்லாம் முடிந்த பிறகு வருகிற தேதி அது. ஒரு பிள்ளையாவது தேர்வு எழுதாமல் நழுவிவிடக் கூடாது என்பதற்காகத்தான் வேலி அங்கே போடப்பட்டிருக்கிறது. தேர்வு முடிந்த பிறகு மிஞ்சுகிற ஒன்றிரண்டு வாரம் அந்த ஏற்பாட்டின் பக்கவிளைவு. அந்த நாட்களில் என்ன கற்பிப்பது என்று யாரும் திட்டமிட்டுத் தேதியை வைக்கவில்லை. அதனால்தான் பள்ளிகளும் அந்த வாரங்களை என்ன செய்வதென்று தெரியாமல் தடுமாறுகின்றன.

ஸ்டடி லீவ் என்பது உரிமையா, சலுகையா?

‘ஸ்டடி லீவ்’ என்ற பெயரைக் கேட்டவுடன் தேர்வுக் காலத்தில் தானாகக் கிடைக்கிற விடுமுறை என்று தோன்றும். அப்படி இல்லை. அது பள்ளி விரும்பினால் தரக்கூடிய அனுமதி, அவ்வளவுதான். கேட்டு வாங்குகிற உரிமையாக எந்தச் சட்டத்திலும் இல்லை.

பள்ளி வருகை பற்றிக் கல்வித் துறை வெளியிட்ட வழிகாட்டுதல் 2024 ஆகஸ்டிலிருந்து சட்ட வலுவுடன் இருக்கிறது. ஸ்டடி லீவ் பற்றி அது சொல்வதன் சாரம் இது:

1. குறைவாகத்தான் தர வேண்டும். இயர் 11 பிள்ளைகளுக்கு, தேர்வுக் காலத்தில் மட்டும்.

2. பாடத்திட்டம் முடிந்துவிட்டது என்பதற்காக எல்லாரையும் மொத்தமாக வீட்டுக்கு அனுப்பக் கூடாது.

3. பெற்றோருடன் முன்கூட்டியே பேசி ஒப்புக்கொண்டிருக்க வேண்டும்.

4. ஸ்டடி லீவ் கொடுத்தாலும், பள்ளிக்கு வந்து படிக்க விரும்புகிற பிள்ளைகளுக்கு இடமும் ஏற்பாடும் இருக்க வேண்டும்.

இதில் நான்காவது விஷயம் பல பெற்றோருக்குத் தெரியாது. தெரிந்திருக்க வேண்டியதில் முக்கியமானதும் அதுதான். இரண்டு அறை வீட்டில் தம்பி தங்கைகளோடு இருக்கிற பிள்ளைக்கு, பெற்றோர் இருவரும் ஷிஃப்ட் வேலைக்குப் போகிற வீட்டுப் பிள்ளைக்கு, ஸ்டடி லீவ் என்பது படிக்க இடமில்லாத ஐந்து வாரம். தனி அறையும் ட்யூஷனும் இருக்கிற பிள்ளைக்கு அதே ஐந்து வாரம் பெரிய உதவி. எல்லாருக்கும் ஒரே மாதிரி விடுப்பு கொடுப்பது நியாயம்போலத் தெரிந்தாலும் அதன் பலன் நியாயமாகப் போய்ச் சேர்வதில்லை. வீட்டில் படிக்க வசதி இல்லையென்றால், “என் பிள்ளை பள்ளிக்கு வந்து படிக்கட்டும், எந்த அறைக்கு அனுப்ப வேண்டும்?” என்று பள்ளியிடம் தயங்காமல் கேளுங்கள். வழிகாட்டுதல் உங்கள் பக்கம்தான் இருக்கிறது.

பள்ளிகள் ஏன் ஆளுக்கொரு விதமாக நடக்கின்றன என்பதற்கும் இங்கேதான் விடை. ஸ்டடி லீவில் இருக்கிற பிள்ளை பதிவேட்டில் ‘எஸ்’ என்ற குறியீட்டோடு, அனுமதி பெற்ற விடுப்பு என்று பதிவாகிறார். அனுமதி பெற்றதானாலும் விடுப்பு விடுப்புதான், பள்ளியின் வருகைக் கணக்கில் அது குறைவாகத்தான் காட்டும். அதனால் சில தலைமையாசிரியர்கள் ஸ்டடி லீவே தருவதில்லை. தேர்வு நாளன்று காலையில் அந்தப் பாடத்துக்கு ஒரு திருப்புதல் வகுப்பு, மற்ற நேரத்தில் வழக்கமான கால அட்டவணை என்று நடத்துகிறார்கள். வேறு சிலர் மே மாத ஹாஃப் டெர்ம் (பருவத்தின் நடுவில் வரும்) விடுமுறையோடு மொத்தமாக அனுப்பிவிடுகிறார்கள்.

கடைசித் தாளுக்கும் கடைசி வெள்ளிக்கும் நடுவில்

இப்போது உண்மையான சிக்கலுக்கு வருவோம். ஸ்டடி லீவ் என்பது பொதுத்தேர்வுக்குப் படிப்பதற்கான விடுப்பு. கடைசித் தேர்வும் முடிந்துவிட்டால் படிக்க ஒன்றுமில்லை. அப்படியானால் அந்த விடுப்புக்குக் காரணமும் இல்லை. கட்டாயக் கல்வி வயது மட்டும் இன்னும் முடியவில்லை.

ஒரு கணக்குப் போட்டுப் பார்க்கலாம். ஒரு மாணவிக்குக் கடைசித் தாள் 2026 ஜூன் 16, செவ்வாய்க்கிழமை என்று வைத்துக்கொள்வோம். அடுத்த நாளிலிருந்து ஜூன் 26 வரை எட்டுப் பள்ளி நாட்கள் இருக்கின்றன. இங்கே வருகைப் பதிவு அரைநாள் கணக்கில் நடக்கிறது, காலை ஒன்று, மதியம் ஒன்று. ஆக 16 அரைநாட்கள்.

இந்த எண்ணிக்கை ஏன் முக்கியம்? 2024 ஆகஸ்டிலிருந்து இங்கிலாந்து முழுவதற்கும் ஒரே அளவுகோல் வந்திருக்கிறது. பத்துப் பள்ளி வாரங்களுக்குள் 10 அரைநாட்கள் அனுமதியில்லாமல் வராமல் இருந்தால், பெற்றோருக்கு அபராத நோட்டீஸ் அனுப்பலாமா என்று பள்ளி பரிசீலிக்க வேண்டும். மேலே சொன்ன மாணவி பள்ளியின் அனுமதி இல்லாமல் வீட்டில் இருந்தால் அந்த எல்லையை ஐந்தே நாளில் தொட்டுவிடுகிறார்.

அபராதம் எவ்வளவு என்றால்:

1. முதல் முறை 160 பவுண்டு. 21 நாளுக்குள் கட்டினால் 80.

2. அதே பிள்ளைக்காக மூன்று வருஷத்துக்குள் இரண்டாவது முறை என்றால் 160 பவுண்டு, சலுகை இல்லை.

3. மூன்றாவது முறை நோட்டீஸ் வராது, நேராக வழக்கு போன்ற நடவடிக்கைக்குப் போகலாம். நீதிமன்றம் 1,000 பவுண்டு வரை அபராதம் விதிக்கலாம். தெரிந்தே அனுப்பாமல் இருந்தார்கள் என்று நிரூபணமானால் 2,500 பவுண்டு வரை, அல்லது மூன்று மாதம் வரை சிறைகூட உண்டு.

இந்தத் தொகை ஒவ்வொரு பெற்றோருக்கும், ஒவ்வொரு பிள்ளைக்கும் தனித்தனி. அப்பாவுக்கு ஒன்று, அம்மாவுக்கு ஒன்று.

இதைப் படித்துவிட்டுப் பயந்துவிட வேண்டாம். ‘அனுமதியில்லாமல்’ என்பதுதான் இங்கே முக்கியம். பள்ளியே “தேர்வு முடிந்ததும் வர வேண்டாம்” என்று எழுதி அனுப்பியிருந்தால், பிள்ளை வீட்டில் இருப்பது பெற்றோரின் குற்றமாகாது. பதிவேட்டில் எந்தக் குறியீடு போடுவது என்பது பள்ளியின் தலைவலி.

இதை உறுதிப்படுத்துகிற தீர்ப்பும் இருக்கிறது. 2015-இல் ஐல் ஆஃப் வைட் தீவைச் சேர்ந்த ஜான் பிளாட் என்பவர் பள்ளியின் அனுமதி இல்லாமல் தன் மகளை ஃபுளோரிடாவுக்கு விடுமுறைக்கு அழைத்துப் போனார். அபராதத்தைக் கட்ட மறுத்தார். மற்ற நாட்களில் மகள் நன்றாகத்தானே வருகிறாள், அது ‘ஒழுங்கான வருகை’ இல்லையா என்பது அவர் வாதம். கீழ்நிலை நீதிமன்றங்கள் அவருக்குச் சாதகமாகவே சொன்னன. 2017 ஏப்ரல் 6 அன்று உச்ச நீதிமன்றம் அதை மாற்றியது. ஒழுங்கான வருகை என்றால் பள்ளி வகுத்த விதிகளின்படி வருவது என்று நீதிபதிகள் ஒருமனதாகச் சொன்னார்கள். ஆகவே வரச்சொல்லியும் வராமல் இருந்தால் ஒரு நாளாக இருந்தாலும் அது விதிமீறல்தான். பள்ளியின் விதியே வர வேண்டாம் என்று சொன்னால், வராமல் இருப்பது விதிப்படி நடப்பதுதான்.

அதனால்தான் பக்கத்து வீட்டுப் பிள்ளை போகவில்லை என்பதை வைத்து நாம் முடிவெடுக்க முடியாது. அவர்கள் பள்ளியின் விதி அவர்களுக்கு, நம் பள்ளியின் விதி நமக்கு.

டிக்கெட் போடுவதற்கு முன்: மாற்று நாள்

பள்ளியின் அனுமதி கிடைத்துவிட்டது, கடைசித் தாளும் முடிந்துவிட்டது, அடுத்த நாளே சென்னைக்கோ கொழும்புக்கோ பறக்கலாமா? கொஞ்சம் பொறுங்கள். தேர்வு வாரியங்களின் கூட்டமைப்பு ஒவ்வொரு வருஷமும் ஒரு மாற்று நாளை ஒதுக்கி வைக்கிறது. நாடு முழுவதையும் பாதிக்கிற பெரிய தடங்கல் ஏதாவது வந்து ஒரு தேர்வு நடக்காமல் போனால், அதை அன்றைக்கு நடத்துவதற்காக. 2024-இல் அது ஜூன் 26, 2025-இல் ஜூன் 25, 2026-இல் ஜூன் 24. மூன்றுமே புதன்கிழமை, மூன்றுமே பள்ளிக் கட்டாயம் முடிகிற அதே வாரம்.

பிள்ளைக்கு அன்று தேர்வு எதுவும் அட்டவணையில் இருக்காது, ஆனாலும் எழுதக் கூப்பிட்டால் வரக்கூடிய நிலையில் இருக்க வேண்டும். ஊரில் இருந்ததால் வர முடியவில்லை என்றால், நோயோ குடும்பத்தில் மரணமோ ஏற்பட்டவர்களுக்குக் கொடுக்கிற சிறப்பு மதிப்பெண் சலுகை கிடைக்காது. அப்படி ஒரு நாள் தேவைப்படுவது அரிது. ஆனால் தேவைப்பட்டால் இழப்பு பெரிது. ஆகவே ஜூன் மாதத்தின் அந்தக் கடைசி வெள்ளி தாண்டி டிக்கெட் போடுங்கள். விலை கொஞ்சம் கூடினாலும் பரவாயில்லை.

வேலைக்குப் போகலாமா?

பள்ளி வருகையைவிட அதிகமாக மீறப்படுவது இந்த விதி என்று நினைக்கிறேன், காரணம் யாருக்கும் தெரிவதில்லை. ஜூன் கடைசி வெள்ளி முடியும்வரை பிள்ளை முழுநேர வேலைக்குப் போக முடியாது. தேர்வு முடிந்துவிட்டது, 16 வயது ஆகிவிட்டது என்பதெல்லாம் கணக்கில் வராது.

1933-ஆம் ஆண்டின் சிறார் சட்டம் இன்னும் நடைமுறையில் இருக்கிறது. அதன்படி கட்டாயக் கல்வி வயதில் இருப்பவர் பள்ளிக் காலத்தில் வாரத்துக்கு 12 மணி நேரத்துக்கு மேல் வேலை செய்யக் கூடாது. பள்ளி நாளில் 2 மணி நேரம்தான். காலை 7 மணிக்கு முன்பும் இரவு 7 மணிக்குப் பின்பும் கூடாது. உள்ளாட்சி அமைப்பான கவுன்சிலிடமிருந்து வேலை அனுமதிச் சீட்டும் வேண்டும், அதை வாங்குவது முதலாளியின் பொறுப்பு.

நம் குடும்பங்களுக்கு நேரடியாகத் தொடர்புள்ள ஒரு விஷயம் இதில் இருக்கிறது. இங்கே கடையும் பெட்ரோல் நிலையமும் உணவகமும் நடத்துகிற தமிழர்கள் நிறைய. தேர்வு முடிந்த பிள்ளையை “சும்மாதானே இருக்கிறாய், கல்லாவில் உட்கார்” என்று சொல்வது நமக்கு இயல்பு. சட்டத்தின் பார்வையில், லாபத்துக்காக நடக்கிற தொழிலில் பிள்ளை உதவினால் சம்பளம் இல்லாவிட்டாலும் அது வேலைதான். சொந்தக் கடை என்பது விலக்கு ஆகாது. இன்னொன்று, 18 வயதுக்குக் கீழே இருப்பவர் கல்லாவில் மது விற்றால், ஒவ்வொரு விற்பனைக்கும் பொறுப்பில் உள்ள பெரியவர் ஒருவர் ஒப்புதல் தர வேண்டும். இது ஜூன் முடிந்த பிறகும் பொருந்தும்.

கடைசி வெள்ளி தாண்டியதும் நிலைமை மாறுகிறது. அனுமதிச் சீட்டு தேவையில்லை. ஒரு நாளுக்கு 8 மணி, வாரத்துக்கு 40 மணி வரை வேலை செய்யலாம். குறைந்தபட்சக் கூலி என்ற உரிமையும் அப்போதிருந்துதான் தொடங்குகிறது. 18 வயதுக்குக் கீழே இருப்பவர்களுக்கு 2026 ஏப்ரல் முதல் அது மணிக்கு 8 பவுண்டு. கோடை விடுமுறையில் ஒரு பிள்ளை ஒழுங்கான கூலியோடு வேலை பார்ப்பது நல்ல விஷயம், இரண்டு வாரம் பொறுத்தால் அது சட்டப்படியே நடக்கும்.

16 வேறு, 18 வேறு

“இங்கிலாந்தில் 18 வயது வரை பள்ளிக்குப் போக வேண்டும்” என்று சிலர் சொல்லக் கேட்டிருப்பீர்கள். “16 முடிந்தால் போதும்” என்று வேறு சிலர் சொல்வார்கள். இரண்டுமே பாதி உண்மை.

2008-இல் வந்த ஒரு சட்டம், 16 வயதில் பள்ளியை விட்டவர்களும் கல்வியிலோ பயிற்சியிலோ தொடர வேண்டும் என்றது. 2013-இலிருந்து 17 வயது வரை, 2015-இலிருந்து 18-ஆவது பிறந்தநாள் வரை. ஆனால் அது பள்ளியில் இருக்க வேண்டும் என்று சொல்லவில்லை. மூன்று வழிகள் தருகிறது:

1. சிக்ஸ்த் ஃபார்மிலோ (பள்ளியின் இயர் 12, 13 வகுப்புகள்) காலேஜிலோ முழுநேரப் படிப்பு.

2. அப்ரன்டிஸ்ஷிப், அதாவது சம்பளத்தோடு வேலை பழகுகிற பயிற்சி.

3. வாரத்துக்கு 20 மணி நேரமோ அதற்கு மேலோ வேலை அல்லது தன்னார்வப் பணி, கூடவே பகுதிநேரப் படிப்பு அல்லது பயிற்சி.

முக்கியமான வேறுபாடு, 16 வரைக்குமான கடமை பெற்றோருடையது, மீறினால் அபராதம் உண்டு. 16-க்குப் பிறகானது பிள்ளையின் கடமை. அதை மீறினால் தண்டிக்கிற பிரிவுகள் சட்டத்தில் எழுதப்பட்டன, ஆனால் இதுவரை நடைமுறைக்குக் கொண்டுவரப்படவில்லை. கவுன்சில் தேடி வந்து கேட்கும், உதவும், ஆனால் அபராதம் போடாது.

அதனால் இயர் 12 பிள்ளைகள் தங்கள் உள்தேர்வு முடிந்ததும் ஜூலையில் போகாமல் இருந்தால் பெற்றோருக்கு நோட்டீஸ் வராது. ஆனால் பள்ளிக்கும் காலேஜுக்கும் தங்கள் விதிகள் உண்டு. பல்கலைக்கழக விண்ணப்பத்துக்கான முன்மதிப்பீட்டு கிரேடுகளைப் பள்ளிகள் முடிவு செய்வதில் அந்த உள்தேர்வுகளுக்குப் பங்கு உண்டு. கல்வி உதவித்தொகை வாங்குகிறவர்களுக்கு வருகை குறைந்தால் பணம் நிறுத்தப்படலாம். இயர் 13 பிள்ளைகளுக்கோ பள்ளியின் இறுதிப் பொதுத்தேர்வான ஏ லெவலின் கடைசித் தாளோடு கதை முடிந்தது. அவர்களைத் திரும்ப வரச்சொல்லி யாரும் கேட்பதில்லை.

எல்லை தாண்டினால் தேதி மாறும்

இதுவரை சொன்னது இங்கிலாந்துக்கு. பிரிட்டனின் மற்ற பகுதிகளில் இருக்கிற உறவினர் சொல்வதைக் கேட்டு முடிவெடுக்க வேண்டாம்.

வேல்ஸில் அதே ஜூன் கடைசி வெள்ளிதான், ஆனால் 18 வரை தொடர வேண்டும் என்ற சட்டம் இல்லை. ஸ்காட்லாந்தில் இரண்டு தேதிகள். மார்ச் 1 முதல் செப்டம்பர் 30-க்குள் 16 ஆகிறவர்கள் மே 31-இல் விடலாம். அக்டோபர் முதல் பிப்ரவரிக் கடைசிக்குள் ஆகிறவர்கள் கிறிஸ்துமஸ் விடுமுறை தொடங்கும்வரை இருக்க வேண்டும். அங்கே பல பள்ளிகள் தேர்வு முடிந்ததும் ஜூன் மாதத்திலேயே அடுத்த வருஷ வகுப்பைத் தொடங்கிவிடுகின்றன. ஜூன் வாரங்கள் வீணாகாமல் இருக்க இது நல்ல வழி என்பது என் எண்ணம்.

வட அயர்லாந்து கொஞ்சம் கறார். கடைசித் தேதி ஜூன் 30. ஜூலை 1 வரை 16 ஆகிறவர்களுக்குத்தான் அந்த வருஷம் விடுதலை. ஜூலை 2-க்கும் ஆகஸ்ட் 31-க்கும் இடையில் ஆகிறவர்கள், தேர்வெல்லாம் எழுதி முடித்திருந்தாலும், அடுத்த வருஷ ஜூன் 30 வரை படிப்பில் இருக்க வேண்டும்.

பள்ளியிடம் என்ன கேட்பது?

மே மாத ஹாஃப் டெர்முக்கு முன்பே இந்தக் கேள்விகளைப் பள்ளி அலுவலகத்துக்கு ஈமெயிலில் அனுப்பிவிடுங்கள். வாய்மொழிப் பதில் போதாது. பிள்ளை வந்து “சார் வர வேண்டாம்னு சொல்லிட்டார்” என்று சொல்வதும் போதாது.

1. ஸ்டடி லீவ் உண்டா? எந்தத் தேதியிலிருந்து?

2. என் பிள்ளையின் கடைசித் தேர்வுக்கும் ஜூன் கடைசி வெள்ளிக்கும் இடையில் வர வேண்டுமா? வர வேண்டாம் என்றால் அது அனுமதி பெற்ற விடுப்பாகப் பதிவாகுமா?

3. பள்ளிக்கு வந்து படிக்க விரும்பினால் என்ன ஏற்பாடு?

4. சிக்ஸ்த் ஃபார்ம் அறிமுக நாட்கள் எப்போது?

நான்காவது கேள்வியை விட்டுவிடாதீர்கள். பல பள்ளிகளும் காலேஜ்களும் ஜூன் கடைசியிலோ ஜூலை தொடக்கத்திலோ புதியவர்களுக்கு ஒன்றிரண்டு நாள் மாதிரி வகுப்பு நடத்துகின்றன. ஏ லெவலுக்கு எடுத்த பாடம் தனக்கு ஒத்துவருமா என்று பிள்ளை தெரிந்துகொள்ள நல்ல வாய்ப்பு அது. செப்டம்பரில் போய்ப் பாடம் மாற்றுவதைவிட ஜூலையில் மாற்றுவது எளிது.

பணம் பற்றியும் ஒன்று. பிள்ளைக்காக அரசு பெற்றோருக்குத் தருகிற சைல்ட் பெனிஃபிட் தொகை, பிள்ளைக்கு 16 ஆன பிறகு வரும் ஆகஸ்ட் 31 வரை தானாக வரும். அதற்குப் பிறகும் வேண்டுமென்றால் பிள்ளை முழுநேரப் படிப்பில் தொடர்கிறார் என்பதை வரித்துறைக்கு நீங்கள்தான் தெரிவிக்க வேண்டும். சொல்லாவிட்டால் நின்றுவிடும். அப்ரன்டிஸ்ஷிப் சேர்ந்தால் பொதுவாகக் கிடைக்காது.

கடைசியாக, செப்டம்பருக்கு இன்னும் இடம் கிடைக்காத பிள்ளைகளின் பெற்றோருக்கு. இடம் உறுதியான பிள்ளை ஜூன் மாதத்தில் வீட்டில் இருந்தால் பெரிய நஷ்டமில்லை. இடம் இல்லாத பிள்ளைக்கு இந்த வாரங்கள் மிக முக்கியமானவை, பள்ளியில் இருக்கிற தொழில் வழிகாட்டி ஆசிரியரை நேரில் பிடிக்கக்கூடிய கடைசி நாட்கள் இவைதான். பள்ளி வர வேண்டாம் என்று சொல்லியிருந்தாலும் நேரம் வாங்கிக்கொண்டு போய்ப் பாருங்கள். 16, 17 வயதுப் பிள்ளைகளுக்குச் செப்டம்பர் மாத முடிவுக்குள் தகுந்த படிப்போ பயிற்சியோ கிடைக்க ஏற்பாடு செய்வது கவுன்சிலின் பொறுப்பு. ஆகஸ்டில் (2026-இல் ஆகஸ்ட் 20 அன்று) ரிசல்ட் வந்து, கணிதத்திலோ ஆங்கிலத்திலோ தேர்ச்சிக்கான 4-ஆம் கிரேடு வராவிட்டாலும் இடம் மறுக்கப்படும் என்று அர்த்தமில்லை. அந்தப் பாடத்தைத் தொடர்ந்து படிக்க வேண்டும் என்ற நிபந்தனையோடு காலேஜ்கள் சேர்த்துக்கொள்கின்றன. ரிசல்ட் வரும்வரை காத்திருக்காமல், கவுன்சிலின் இளையோர் பிரிவை ஜூலையிலேயே கூப்பிட்டுப் பெயரைக் கொடுத்து வையுங்கள்.